பல வருடம் காத்திருந்து பிள்ளை பெற்றவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கோலாலம்பூர் செந்தூலில் என் சித்தி மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். எட்டு வருடக் காத்திருப்பு, மூன்று முறை ஐவிஎஃப், அப்புறம் ஒரு பெண் பிள்ளை. அன்றைக்குப் பிள்ளைக்கு 20ஆம் நாள். கிளினிக் கெசிஹாத்தான் என்கிற அரசாங்க சுகாதார கிளினிக்கிலிருந்து மிஸ்ஸி (தாதி) வந்திருந்தார். பிள்ளையின் எடையைப் பார்த்தார், தொப்புளைப் பார்த்தார், அம்மாவின் தையலைப் பார்த்தார். "நீங்க ஓக்கேயா? தூங்க முடியுதா?" என்று கேட்டார். இவள் சிரித்த முகமாக "எல்லாம் ஓக்கே மிஸ்ஸி" என்றாள்.

மிஸ்ஸி லிஃப்டில் இறங்கியதும் இவள் அடுப்படிக்குள் போனாள். குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, கழுவுவதற்கு ஒரு பாத்திரமும் இல்லை. அழுகைச் சத்தம் மாமியாருக்குக் கேட்கக் கூடாது என்று திறந்துவிட்ட குழாய் அது. 2016இல் நானும் அப்படித்தான் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

எனக்குக் கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்துத்தான் மகன் பிறந்தான். அதற்குப் பிறகு இதே வழியில் பிள்ளை பெற்ற சொந்தக்காரர்கள், வேலையிடத்துத் தோழிகள், கோயிலில் பழகியவர்கள் என்று பலருக்குத் துணையாகப் போய்வருகிறேன். டயப்பர் மாற்றுவது, குளிப்பாட்டுவது எல்லாம் ஒரு வாரத்தில் கைக்குப் பழகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கேட்டு வாங்கிய வரம் என்று வாயை மூடிக்கொள்வது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் ஆறுவதில்லை.

"இத்தனை வருஷம் அழுது கேட்டது நீதானே, இப்ப எதுக்கு அழுவுற?" இதை வேறு யாரும் சொல்ல வேண்டாம், நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம். சிகிச்சைக் காலத்தில் மறைத்து மறைத்துப் பழகிய மனசு அது. ஊசி போடப் போவதற்கு "வயித்து வலி" என்று லீவு எடுத்தோம். அடுத்தவள் வளைகாப்பில் வளையலை வாங்கிப் போட்டுக்கொண்டு சிரித்தோம். பிள்ளை கைக்கு வந்த பிறகு அதே முகத்தை மிஸ்ஸியிடமும் காட்டுகிறோம்.

அப்புறம் இன்னொன்று. சிகிச்சையில் எல்லாமே நேரக் கணக்கு. இரவு 9 மணி ஊசி என்றால் 9 மணிதான். சொன்னபடி செய்தால் பலன் கிடைக்கும் என்று நம்பி நம்பியே வருடங்களை ஓட்டியிருப்போம். பிறந்த பிள்ளை கணக்குக்கு அடங்காது. பால் கொடுத்து, ஏப்பம் எடுத்து, துணி மாற்றிய பிறகும் அழும். உடனே, தப்பு என்மேல்தான் என்று தோன்றிவிடுகிறது.

மகன் பிறந்த ஆறாவது வாரம் எனக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். பத்துக் கேள்விகள். கடந்த 7 நாட்களில் சிரிக்க முடிந்ததா, தேவையில்லாமல் உங்களையே குறை சொல்லிக்கொண்டீர்களா என்கிற மாதிரி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. எடின்பரோ அளவுகோல் என்பார்கள், பிள்ளை பெற்றவர்களுக்கு வரும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க 1987இல் ஸ்காட்லாந்தில் உருவாக்கியது. கடைசிக் கேள்வி, தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் நினைப்பு வந்ததா என்பது. அந்தக் கேள்வியில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் "ஒருபோதும் இல்லை" என்பதை வட்டமிட்டேன். கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள் நான். மொத்தம் 2க்கு மேல் போகாதபடி கூட்டிப் பார்த்துத்தான் தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

அந்தப் பொய்யால் எனக்குப் பல மாதம் போனது. மகன் முதல் தடவை குப்புற விழுந்தது எனக்கு நினைவில் இல்லை. என் கணவர் எடுத்த வீடியோ இருக்கிறது, அதில் என் குரலும் கேட்கிறது. அந்த நாள் மட்டும் எனக்குள் இல்லை. ஏழாவது மாதம் சளிக்கு மருந்து வாங்கப் போன இடத்தில் டாக்டர் சாதாரணமாக ஏதோ கேட்க, அங்கேயே உடைந்துபோனேன். ஆலோசனையும் மாத்திரையும் அதற்குப் பிறகுதான் தொடங்கின. பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பிள்ளை பிறந்த மூன்றாம் நான்காம் நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலான தாய்மார்களுக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். அதைத் தாண்டியும் தொடர்ந்தால், பிள்ளை தூங்கும்போதும் தூக்கம் வராவிட்டால், பிள்ளையைத் தூக்கவே பயமாக இருந்தால், அடுத்த செக்கப்புக்குக் காத்திருக்காதீர்கள். மலேசியச் சுகாதார அமைச்சின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையான தாலியான் ஹீல் எண் 15555. மனக்கஷ்டத்தைக் காதுகொடுத்துக் கேட்கும் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் அமைப்பின் எண் 03-7627 2929, இராத்திரியிலும் எடுப்பார்கள். உங்களையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்று தோன்றினால் அன்றைக்கே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். போகும்வரை பக்கத்தில் ஓர் ஆள் இருக்கட்டும்.

சித்தி மகளை அடுத்த செவ்வாய்க்கிழமை நானே கிளினிக்குக் கூட்டிப்போனேன். அதே மிஸ்ஸிதான் இருந்தார். "ஏன் அன்னைக்கே சொல்லல?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, பிள்ளையைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, "இப்ப சொல்லும்மா" என்றார்.

பால் குறைந்தால் உடம்பு மறுபடியும் ஏமாற்றிவிட்டது என்று நினைப்பது

கரு தங்காத உடம்பு, இப்போது பாலும் சுரக்காத உடம்பு என்று ஒருத்தி என்னிடம் சொன்னாள். கேட்டபோது நெஞ்சு வலித்தது. பிறந்த பிள்ளை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை குடிக்கும், அது பால் பற்றாததால் இல்லை. ஐந்தாம் நாளுக்குப் பிறகு தினமும் ஆறு டயப்பராவது நன்றாக நனைந்து, எடையும் ஏறி வந்தால் போதும். நீர்க்கட்டிப் பிரச்சினை இருந்தவர்கள் சிலருக்கு உண்மையிலேயே பால் குறைவாக இருக்கலாம். அப்போது மிஸ்ஸியைக் கேட்டுப் பால்மாவு சேர்த்துக் கொடுங்கள். அது எந்தத் தோல்வியும் இல்லை.

கணவரின் 7 நாளை விருந்தாளிகளுக்குக் கொடுப்பது

2023 முதல் மலேசியாவில் தனியார் வேலையில் மனைவிக்கு 98 நாள், கணவருக்கு 7 நாள் சம்பள விடுப்பு உண்டு. அவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் தூங்குங்கள். வருகிறவர்களுக்கு மைலோ கலக்க வேறு ஆள் இருப்பார்கள்.

சேனை வைக்கத் தேன்

பிறந்த பிள்ளையின் நாக்கில் தேன் தொட்டு வைப்பது, பாட்டியே கேட்டாலும் வேண்டாம். 1 வயது முடியட்டும்.

இனி கரு தானாகத் தங்காது என்று நம்புவது

தங்கும். பார்த்திருக்கிறேன், சிசேரியன் தையல் ஆறி முடியும் முன்பே. முதல் செக்கப்பிலேயே கருத்தடை பற்றிக் கேட்டுவிடுங்கள்.

நேர்த்திக்கடனுக்கு அவசரப்படுவது

பிள்ளை வரம் கேட்டவர்கள் தைப்பூசத்தில் கரும்புத் தொட்டில் கட்டிப் பத்துமலை ஏறுவது நம் வழக்கம். இரண்டு கரும்பு, நடுவில் மஞ்சள் துணி, அதற்குள் பிள்ளை, முன்னால் 272 படி. பிறந்து இரண்டு மாதமான பிள்ளையை அந்தக் கூட்டத்துக்குள், அந்த வெயிலில் தூக்கிக்கொண்டு ஏறியவர்களைப் பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கும் தையல் ஆறியிருக்காது. தள்ளிப்போட்டால் சாமி குற்றம் ஆகிவிடும் என்று பெரியவர்கள் பயப்படுவார்கள். எங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு வந்தது. பத்து வருடம் எங்களைக் காக்கவைத்த முருகன் எங்களுக்காக ஒரு வருடம் காத்திருப்பான் என்று என் அப்பா சொன்னார், அதோடு பேச்சு முடிந்தது.

மகனுக்கு 14 மாதம் ஆனபோதுதான் ஏறினோம். விடிவதற்கு முன்பே கிளம்பினோம். முன்னால் என் கணவரும் பின்னால் என் தம்பியும் கரும்பைத் தோளில் வைத்திருந்தார்கள். தொட்டில் துணிக்குள்ளிருந்து ஒரு சின்னக் கை வெளியே வந்து, கரும்புத் தோகையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தது. ஒவ்வொரு படியும் எனக்கு நினைவிருக்கிறது.