வீட்டைச் சுற்றிச் சிலந்திகளைத் தேடுவதும் பருவத்தைக் கவனிப்பதும்

சிலந்திகளைத் தேட இருட்டிய பிறகு ஒரு டார்ச் விளக்கு போதும். அதைப் பிடிக்கும் விதம்தான் முக்கியம். விளக்கை இடுப்பளவில் பிடிக்காமல், நெற்றிப்பொட்டை ஒட்டிக் கண்மட்டத்தில் பிடித்தபடி புல்தரையைப் பார்த்தால், ஓநாய்ச் சிலந்திகளின் கண்கள் ஊசிமுனை அளவில் பச்சை கலந்த வெண்மையாக மின்னும். அவற்றின் கண்ணுக்குள் இருக்கும் படலம் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புவதால், விளக்கு நம் கண்ணுக்கு அருகில் இருந்தால் மட்டுமே அந்த மினுக்கம் தெரியும். நெருங்கிப் பாருங்கள், முதுகு சொரசொரப்பாகத் தெரிந்தால், அது குஞ்சுகளைச் சுமந்து செல்லும் தாயாக இருக்கலாம். செங்கல் குவியலிலோ மரப்பொந்திலோ மட்டும் கையை விடாதீர்கள். தேளும் பாம்பும் அங்கேதான் தங்கும்.

வீட்டுக்குள், குளியலறைக் கதவின் பின்னால் தட்டையாக ஒட்டியிருக்கும் பெரிய சிலந்தியைக் கண்டதும் பலர் துடைப்பத்தை எடுக்கிறார்கள். அது வலை பின்னாமல் இரவில் அலைந்து கரப்பான்பூச்சிகளைத் தின்பது; உடலுக்கு அடியில் வட்டமான வெளிர்நிறப் பையைச் சுமந்திருந்தால், அது முட்டைகளைக் காக்கும் பெண் சிலந்தி. அதை அடிக்காமல் விட்டுவிடுமாறு மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

பகலில், வெயில் படும் சன்னல் சட்டங்களில் தத்தித் தாவும் சிறு சிலந்திகளையும், செடிகளுக்கு நடுவே பெருக்கல் குறி போன்ற வெண்ணிற நெளிகோடுகள் கொண்ட வலைகளையும் தேடலாம். மாமரத்தில் முசுறு எறும்புகள் இருந்தால் இன்னும் பொறுமையாக நின்று பாருங்கள். அந்த எறும்பைப் போலவே நிறமும் உருவமும் கொண்ட ஒரு சிலந்தி அவற்றுக்கிடையே நடமாடும். விரலை அருகில் கொண்டுபோனால் எறும்பு கடிக்க வரும். சிலந்தியோ நூல்விட்டுக் கீழே தொங்கிவிடும்.

பருவ மாற்றத்தை உணர, வாரம் ஒருமுறை அதே நேரத்தில் அதே மூலைகளைப் பார்த்துத் தேதியுடன் குறித்து வாருங்கள்; எதுவும் தென்படாத நாளையும் எழுதுவது அவசியம். முதல் மழைக்குப் பின் ஈசல் கிளம்பும் மாலையில், வாசல் விளக்கருகே உள்ள வலைகள் நிறைந்திருப்பதைக் காணலாம். அந்நாட்களில் ஈரமண்ணில் ஊரும் செக்கச்சிவந்த தம்பலப்பூச்சியின் கால்களை எண்ணிப் பாருங்கள். எட்டு இருக்கும், ஏனெனில் அது பூச்சியல்ல, சிலந்தியின் உறவு. வடகிழக்குப் பருவமழையை ஒட்டித் தட்டான்கள் கூட்டமாகப் பறப்பதையும் அதே ஏட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஓர் இனம் இந்தியப் பெருங்கடலையே கடந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் செல்வது.

மார்கழி விடியலில் பனித்துளிகள் கோத்து நிற்பதால், மற்ற மாதங்களில் கண்ணுக்குத் தப்பும் வலைகள்கூடத் தெளிவாகத் தெரியும். அவற்றை எண்ண அதைவிட நல்ல காலம் இல்லை. அடுத்து வரும் போகிக்கு ஒட்டடை அடிக்கும்போது, தூசி படிந்த பழைய வலைகளை மட்டும் நீக்கிவிட்டு, ஆளிருக்கும் வலைகளையும் முட்டைப்பைகளையும் குச்சியால் மெல்ல எடுத்துத் தோட்டத்துச் செடிகளில் சேர்த்துவிடுங்கள்.