பெங்களூரில் வழி பழகும்போது செய்யும் தவறுகள்

வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆகியும், சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து அல்சூர் சோமேஸ்வரர் கோவிலுக்கு மேப் இல்லாமல் போகத் தெரியாதவர்கள் நிறையப் பேர். "எனக்கு ஞாபகசக்தி கம்மி" என்பார்கள். பெரும்பாலும் கோளாறு பழகும் விதத்தில்தான்.

வழி என்பது மூளையில் ஒரு செல்லுக்குள் போட்டோ மாதிரி உட்கார்ந்திருக்கும் என்று நினைப்பது முதல் தவறு. குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் துடிக்கும் செல்கள், மூளையில் நினைவுக்கும் வழி அறியவும் உதவும் பகுதியான ஹிப்போகாம்பஸில் உண்டு. 1971இல் நரம்பியல் விஞ்ஞானி ஜான் ஓ'கீஃப் இவற்றை எலிகளில் கண்டறிந்தார். ஆனால் நினைவு தங்குவதற்கு, செல்களை இணைக்கும் சினாப்ஸ்களின் பலம் மாற வேண்டும். சினாப்ஸில் என்எம்டிஏ ஏற்பி என்றொரு வாசல் இருக்கிறது. மெக்னீசியம் அதை அடைத்து நிற்கும். ஒரு செல் குளூட்டமேட் என்ற ரசாயனச் சைகையை அனுப்பும் அதே நேரத்தில், வாங்கும் செல்லும் நன்றாகத் தூண்டப்பட்டிருந்தால்தான் மெக்னீசியம் விலகி, கால்சியம் உள்ளே நுழையும். பிறகு குளூட்டமேட்டை வாங்கும் ஆம்பா ஏற்பிகள் என்ற வேறு வாசல்கள் கூடுதலாக வந்து சேர, அடுத்த முறை அதே சைகைக்குச் செல் பலமாகப் பதில் தரும். 1986இல் ரிச்சர்ட் மாரிஸ் குழு இந்த வாசலை ஏபி5 மருந்தால் அடைத்தது. கலங்கிய தண்ணீருக்கடியில் இருந்த மேடை எங்கே என்பதை எலிகளால் சரியாகக் கற்க முடியவில்லை. கண்ணால் பார்த்து வேறுபடுத்தும் பயிற்சியில் அவை தடுமாறவில்லை என்பது முக்கியம்: பாதிக்கப்பட்டது இடத்தைக் கற்பதுதான், எல்லாக் கற்றலும் அல்ல.

அடுத்த தவறு, போன் மேப் காட்டும் நீலக் கோட்டின் பின்னாலேயே போவது. "200 மீட்டரில் வலது" என்ற குரலுக்குத் திரும்பினால் இடங்களுக்குள் உள்ள உறவைக் கவனிக்க வேலையே இல்லை. கிளம்பும் முன் வடக்கு மேலே இருக்கும்படி வைத்து முழு வழியையும் ஒரு நிமிடம் பாருங்கள். மூன்று அடையாளங்களைப் பிடித்துக்கொண்டு குரலை அணையுங்கள். தொலைந்தால் மட்டும் போனை எடுங்கள். அடையாளம் நகராததாக இருக்கட்டும்: செயின்ட் மேரி பேசிலிகா கோபுரம் சரி, தள்ளுவண்டி கூடாது. வெறும் "5வது கிராஸ்" போதாது, லேஅவுட்டுக்கு லேஅவுட் அது இருக்கும். திரும்பியும் அதே வழியில் நடந்து வாருங்கள். எதிர்த்திசையில் அதே தெரு வேறு தெருவாகத் தெரியும்.

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஊரையே சுற்றிவிட்டு நள்ளிரவு வரை விழித்திருப்பதும் வீண். சினாப்ஸில் முதலில் வரும் பலம் சில மணி நேரத்தில் தேயக்கூடியது. நீடிக்கப் புதிய புரதங்கள் உருவாக வேண்டும். பாதையில் சேர்ந்து துடித்த செல்கள் தூக்கத்திலும் சேர்ந்து துடிப்பதை 1994இல் வில்சனும் மெக்நாட்டனும் எலிகளில் காட்டினார்கள். நாளுக்கு ஒரு வழி, இரவு முழுத் தூக்கம் என்று நாலைந்து நாள் பழகுங்கள்.

வருடக்கணக்காகப் பழகிய தெருவில் வீட்டுப் பெரியவர் திடீரென வழி தடுமாறினால், வயசு என்று விட்டுவிடாதீர்கள். அல்சைமர் நோய் ஆரம்பத்திலேயே தாக்கும் இடங்களில் ஹிப்போகாம்பஸும் ஒன்று. நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.