ஒரு கோல்ட்ரிங்க் பாட்டில் சேத்துல மூணு உயிர்க் கூட்டமும் பாக்கலாம்

டர்பன்ல நம்ம தமிழ் வகுப்பு பிள்ளைங்ககிட்ட பாக்டீரியான்னு சொன்னா உடனே நோய், சோப்பு, கை கழுவறதுன்னுதான் சொல்லுவாங்க. தப்பில்ல, ஆனா பூமியில உயிர் வாழ்ந்த காலத்துல பெரும்பகுதி பாக்டீரியா மாதிரி நுண்ணுயிருங்க மட்டுமே இருந்த காலம், அத பிள்ளைங்களுக்கு கண்ணால காட்டணும்னா இந்த சேத்து பாட்டில செஞ்சு பாருங்க. உயிர்கள பிரிக்கற மூணு பெரிய கூட்டமும் (பாக்டீரியா, ஆர்க்கியா, யூகாரியா) அதுல வரலாம். 1880கள்ல செர்கேய் வினோகிராட்ஸ்கிங்கற ரஷ்ய விஞ்ஞானி செஞ்ச முறை இது, செலவே கிடையாது.

ரெண்டு லிட்டர் கோல்ட்ரிங்க் பாட்டில் ரெண்டு எடுத்து கழுத்தை வெட்டிருங்க. சேறு குளத்தோரமோ ஆத்தோரமோ எடுக்கலாம், கருப்பா நாத்தம் வர்ற சேறா இருந்தா ரொம்ப நல்லது. பீச்வுட் மாங்குரோவ் மாதிரி பாதுகாத்த இடத்துல கைய வைக்காதீங்க. மழை பெஞ்ச மறுநாளும் போகாதீங்க, சாக்கடை கலந்திருக்கும். இங்க குவாசுலு-நட்டால்ல ஆறு குளத்து தண்ணியில பில்ஹார்சியா (தோல் வழியா உடம்புக்குள்ள போற புழுவால வர்ற நோய்) இருக்கு, அதனால கம்பூட்ஸ், கிளவுஸ் ரெண்டும் கட்டாயம், பிள்ளைங்கள வெறுங்காலோட தண்ணியில இறக்கவே கூடாது.

கல்லு குச்சி எல்லாம் பொறுக்கி போட்டுட்டு, சேத்துல மூணுல ஒரு பங்க தனியா எடுத்து அதுல பொடிப்பொடியா கிழிச்ச நியூஸ்பேப்பரும் ஒரு முட்டை மஞ்சக்கருவும் போட்டு பிசைஞ்சு ரெண்டு பாட்டிலுக்கும் அடியில போடுங்க. பேப்பர் கார்பனுக்கு, மஞ்சக்கரு கந்தகத்துக்கு. மேல வெறும் சேறு முக்கால் பாட்டில் வரைக்கும், அதுக்கு மேல அதே இடத்து தண்ணி ரெண்டு மூணு சென்டிமீட்டர். தட்டித்தட்டி காத்துக்குமிழிய வெளியேத்திட்டு கிளிங்ராப் போட்டு ஊசியால ஓட்டை குத்துங்க, இறுக்கி மூடாதீங்க, உள்ள கேஸ் சேரும். ஒண்ண ஃபாயில் சுத்தி இருட்டுல வைங்க, இன்னொண்ண வெளிச்சத்துல. நம்ம ஊர்ல வடக்கு ஜன்னல்லதான் வெயில் நேரா அடிக்கும், அங்க வச்சா சூடாயிடும், கொஞ்சம் தள்ளி வைங்க.

அப்புறம் பொறுமைதான். ஒரு மாசம் ரெண்டு மாசம் ஆகும், வாரம் ஒரு போட்டோ எடுங்க, தண்ணி குறைஞ்சா ஊத்துங்க. முதல்ல அடி கருப்பாகும், ஆக்சிஜனுக்கு பதிலா சல்பேட்ட வச்சு மூச்சு விடற பாக்டீரியா விடற ஹைட்ரஜன் சல்பைடு இரும்போட சேர்ற கருப்பு அது, அழுகின முட்டை நாத்தமும் அதோடதுதான். அதுக்கு மேல பச்சை, அதுக்கும் மேல ஊதா திட்டு திட்டா வரும், இவங்க ரெண்டு பேரும் வெளிச்சத்துல சாப்பாடு பண்ணுவாங்க, ஆனா ஆக்சிஜன் விடமாட்டாங்க. உச்சியில இருக்கற பச்சையிலதான் சயனோபாக்டீரியா, ஆக்சிஜன் விடறவங்க. சுமார் 240 கோடி வருஷத்துக்கு முன்னாடி பூமியோட காத்துல ஆக்சிஜன் ஏற ஆரம்பிச்சது இவங்களாலதான். இருட்டு பாட்டில்ல இந்த பச்சையும் ஊதாவும் வராது, பிள்ளைங்கள காரணத்த யோசிக்க விடுங்க.

இப்போ வகை பிரிக்கறது, எனக்கு ரொம்ப பிடிச்ச இடம். கலர வச்சு பிரிச்சா மாட்டிக்குவீங்க: அடிப்பச்சைக்கு ஆக்சிஜன் பட்டாலே ஆகாது, மேல்பச்சை அதையே உண்டாக்குது. பாக்டீரியாவ கிராம் பாசிட்டிவ், கிராம் நெகட்டிவ்னு ரெண்டா பிரிக்க 1884ல ஹான்ஸ் கிராம் கண்டுபிடிச்ச சாயமும் இங்க பெருசா உதவாது, ஊதா, அடிப்பச்சை, சயனோ மூணுமே கிராம் நெகட்டிவ். தொழில வச்சு, அதாவது எத சாப்பிட்டு எதால மூச்சு விடுதுன்னு பாத்து பிரிக்கலாமா? ஜோகன்னஸ்பர்க் பக்கம் எம்போனெங் தங்கச் சுரங்கத்துல 2.8 கிலோமீட்டர் ஆழத்து தண்ணியில வெளிச்சமும் ஆக்சிஜனும் இல்லாம ஒரு பாக்டீரியா ஏறக்குறைய தனியாவே வாழுது, பாறையோட கதிரியக்கம் தண்ணிய உடைச்சு தர்ற ஹைட்ரஜன்தான் அதுக்கு சாப்பாடு, பேரு டெசல்ஃபோருடிஸ் ஆடாக்ஸ்வியேட்டர், 2008ல வெளிவந்த ஆராய்ச்சி. அதுவும் சல்பேட்டாலதான் மூச்சு விடுது, நம்ம பாட்டில்ல அதே வேலை செய்யற டெசல்ஃபோவிப்ரியோவுக்கு அது ரொம்ப தூரத்து சொந்தம். தொழில் ஒண்ணு, வம்சம் வேற.

அதனாலதான் கார்ல் வூஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் செல்லுக்குள்ள புரதம் செய்யற ரைபோசோம்ல இருக்கற ஆர்.என்.ஏ.வ ஒப்பிட்டு வம்சம் பாத்தாங்க. 1977ல, பாக்டீரியா மாதிரி தெரிஞ்சாலும் வம்சம் வேறயான ஆர்க்கியாங்கற தனிக் கூட்டமே தெரிய வந்துச்சு. பாட்டிலோட அடியிலேர்ந்து குமிழி வருதான்னு பாருங்க, அதுல மீத்தேன் இருந்தா அது ஆர்க்கியா வேலை. உச்சியில பச்சைப்பாசியும் வந்திருந்தா அது யூகாரியா, செல்லுக்குள்ள உட்கரு இருக்கற நம்ம கூட்டம். மிச்ச கலரெல்லாம் பாக்டீரியா.

பாறையில பாக்கணும்னா நம்ம நாட்டுலயே பார்பர்டன் மகோன்ஜ்வா மலை இருக்கு, 2018லேர்ந்து உலக பாரம்பரிய இடம். அங்க 320 கோடி வருஷத்துக்கு முந்தின நுண்ணுயிர்ப் படலத்தோட தடம் மணற்பாறையில இருக்கு. பார்பர்டன்லேர்ந்து எஸ்வாத்தினி நாட்டு புலெம்பு எல்லை வரைக்கும் ரோட்டோரம் விளக்கப் பலகை வச்சிருக்காங்க, வகுப்போட போங்க, கல்ல மட்டும் எடுக்காதீங்க.

பாத்து முடிச்சதும் சேத்த பைப் கிட்ட கொட்டாம தோட்டத்துல குழி தோண்டி புதைச்சிருங்க, கிளவுஸ் கழட்டினதும் சோப்பு போட்டு கை கழுவுங்க.