தூரத்தை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் கிடைத்துவிடாது

டோக்கியோவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் ஏறத்தாழ 8,800 கிலோமீட்டர். பயணிகள் விமானம் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் பறக்கும். வகுத்தால் பத்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். போகும்போது இந்தக் கணக்கு ஏறக்குறையப் பொருந்தியும் விடும். திரும்பும்போதுதான் குட்டு உடைகிறது: அதே தூரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை பிடிக்கும்.

காரணம் காற்று. விமானங்கள் பறக்கும் உயரத்தில் ஜெட் காற்றோட்டம் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். கிழக்கே போகிறவரை அது தள்ளிவிடும், மேற்கே போகிறவரை இழுத்துப் பிடிக்கும். ஆகவே ஒருவழி நேரத்தை இரண்டால் பெருக்கித் திரும்பும் நாளைத் திட்டமிடாதீர்கள். அட்டவணை நேரம் வானில் பறக்கும் நேரம் மட்டுமன்று. ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வதும், இறங்கியபின் நிறுத்துமிடம் வந்து சேர்வதும் அதில் அடக்கம்.

அடுத்த தவறு, தட்டையான வரைபடத்தில் அளவுகோலை வைப்பது. இந்த இரு நகரங்களும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருப்பதால் நேர்க்கோடுதான் குறுக்குவழி என்று தோன்றும். அந்தக் கோட்டிலேயே போனால் சுமார் 500 கிலோமீட்டர் கூடுதல். உருண்டையான பூமியில் குறுகிய பாதை வடக்கே வளைந்து, அலாஸ்காவின் அலூசியன் தீவுகள் இருக்கும் பக்கமாகச் செல்கிறது. அந்தக் குறுகிய பாதையிலும் எப்போதும் பறக்க முடியும் என்பதில்லை. 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டபின், ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ செல்ல முன்பு ஒன்பதரை மணி நேரமாக இருந்தது சுமார் பதின்மூன்று மணி நேரமாகிவிட்டது. நகரங்கள் நகரவில்லை, பழைய தகவலை நம்பியவர்கள்தான் ஏமாந்தார்கள்.

அலகையும் கவனியுங்கள். விமானத்துறையின் மைல் கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். சாலை மைலோ 1.609 தான்.

கடிகாரக் குழப்பம்தான் பணத்தையும் கரைப்பது. கோடையில் டோக்கியோவில் மாலை 5 மணிக்குப் புறப்பட்டால், லாஸ் ஏஞ்சலிஸில் அதே நாள் காலை 11 மணி வாக்கில் இறங்கலாம். மறுநாளுக்கு விடுதி பதிவு செய்தவர் முதல் இரவுக்கு அறை தேடி அலைய வேண்டியதுதான். எதிர்த்திசையில் ஒரு நாள் காணாமல் போகும். டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் இரண்டு நேரங்களும் அந்தந்த ஊரின் நேரம்; ஒன்றிலிருந்து மற்றொன்றை அப்படியே கழிக்கக் கூடாது. இரு நகரங்களுக்கும் இடையிலான வித்தியாசமும் நிலையானதன்று. ஜப்பான் கடிகாரத்தை மாற்றுவதில்லை, கலிஃபோர்னியா மாற்றுகிறது; ஆகவே கோடையில் 16 மணி நேரம், குளிர்காலத்தில் 17.

இடையில் விமானம் மாறுவதென்றால் இன்னொன்று. இரண்டு டிக்கெட்டுகளைத் தனித்தனியாக வாங்கினால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறும்போது மாற்று இருக்கை தர எந்த நிறுவனமும் பொதுவாகக் கடமைப்பட்டதில்லை. பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்கவும் நேரிடலாம். அதற்கான நேரத்தையும் சேர்த்தே இடைவெளியைத் தேர்ந்தெடுங்கள்.