உம்ராவுக்குக் கிளம்புகிறவர்களுக்கு: ஊசி, மருந்து, மக்கத்து வெயில்

வருஷத்தில் எப்போது வேண்டுமானாலும் மக்காவுக்குப் போய்வரும் உம்ரா பயணத்துக்குப் பேர் கொடுத்ததும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, ஊசி போட்டாச்சா என்பதுதான். வெயிலுக்கு என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. 2024 ஹஜ்ஜில் ஜூன் 17 அன்று மக்காவில் 51.8 டிகிரி பதிவானது. அந்த வருஷம் 1301 பேர் இறந்ததாக சவூதி அரசே அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் அனுமதியில்லாமல் வந்து, தங்க நிழலில்லாமல் நேர் வெயிலில் நடந்தவர்கள். உம்ராவில் ஹஜ் அளவுக்குக் கூட்டமும் நடையும் இல்லைதான், ஆனால் பள்ளிக்கூட லீவு என்று மே மாதத்தில் குடும்பத்தோடு கிளம்பினால் வெயில் அதே வெயில். அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஊசி. கட்டாயமானது மெனிங்கோகாக்கல் ஊசி, நம்மூரில் மூளைக்காய்ச்சல் ஊசி என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். ஏ, சி, ஒய், டபிள்யூ-135 என்ற நான்கு வகைக்கும் சேர்த்த ஊசிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் 1987 ஹஜ்ஜில் ஏ வகை பரவியது, 2000இல் டபிள்யூ-135 பரவி, ஊர் திரும்பிய ஹாஜிமார்கள் வழியாக பல நாடுகளில் வீட்டாருக்கும் தொற்றியது. நான்கும் சேர்ந்த ஊசி கட்டாயமானது அதற்குப் பிறகுதான். ஒரு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் வேண்டும். சவூதியில் இறங்குவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். கான்ஜுகேட் வகையாக இருந்தால் 5 வருஷம் செல்லும், பழைய பாலிசாக்கரைடு வகை என்றால் 3 வருஷம்தான். சான்றிதழில் எந்த வகை என்று எழுதியிருக்காவிட்டால் 3 வருஷக் கணக்கில்தான் எடுத்துக்கொள்வார்கள், ஆகவே போட்ட இடத்திலேயே அதை எழுதி வாங்கிவிடுங்கள்.

ஹஜ் கமிட்டி மூலம் ஹஜ்ஜுக்குப் போகிறவர்களுக்கு இந்த ஊசியும் போலியோ சொட்டும் முகாமிலேயே கொடுத்துவிடுகிறார்கள். பெரியவர்களுக்கு எதற்குச் சொட்டு என்று தயங்க வேண்டாம், வாங்கிக்கொள்ளுங்கள். டிராவல்ஸ் மூலம் உம்ரா போகிறவர்கள்தான் தாங்களே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருக்கும். விதிகளை சவூதி சுகாதார அமைச்சகம் அவ்வப்போது புதுப்பிக்கும், போன வருஷம் போய்வந்தவர் சொன்னதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசி இங்கிருந்து நேரே போகிறவர்களுக்குத் தேவையில்லை.

கட்டாயமில்லாத ஊசிகளில் ஃப்ளூ ஊசியை நான் விடவே மாட்டேன். ஹரமின் (மக்காவின் பெரிய பள்ளிவாசல்) கூட்டத்தில் இருமலோடு திரும்பாதவர் குறைவு. வயதானவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் இரண்டு வாரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள், 65ஐத் தாண்டியவர்கள் நிமோனியா ஊசியையும் டாக்டரிடம் கேளுங்கள். டைஃபாய்டும், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஏ-யும் சாப்பாடு வழியாகத் தொற்றும், அதற்காக அந்த ஊசிகள். ஹெபடைடிஸ் பி எதற்கென்றால், உம்ரா முடிந்ததும் ஆண்கள் மொட்டையடிப்பார்கள், ஒரே பிளேடு பல தலைக்குப் போனால் ரத்தம் வழியாகத் தொற்றும். அந்த ஊசி 0, 1, 6 மாதம் என்று மூன்று தவணை, கடைசி நேரத்தில் போட்டு முடிக்க முடியாது. சரி, ஊசி போட்டவரும் போடாதவரும் புது பிளேடை உறையோடு வாங்கித் தன் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லலாம். ஏனென்றால் இதே போல ரத்தம் வழியாகத் தொற்றும் ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசியே கிடையாது. மொத்தத்தில் 6 முதல் 8 வாரம் முன்பே ஒரு தடவை டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

அந்தச் சந்திப்பிலேயே மாத்திரைகளையும் பேசிவிடுங்கள். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள், சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின் போன்றவை எடுப்பவர்கள் வெயிலில் சீக்கிரம் நீர் வற்றிப்போவார்கள், அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும், நீங்களாக நிறுத்தக்கூடாது. மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை வாங்க நினைக்கும் பெண்களும் மருந்துக்கடையில் நேரே வாங்காமல் டாக்டரைக் கேளுங்கள், கால் ரத்தக்குழாயில் உறைகட்டி வந்தவர்களுக்கு அது ஆபத்து.

மருந்தை டப்பாவில் கொட்டிக்கொண்டு போகாதீர்கள். கடைப் பட்டையோடு, டாக்டரின் ஆங்கிலச் சீட்டோடு, கைப்பையில். கோடீன் கலந்த இருமல் சிரப், டிரமடால் என்ற வலி மருந்து, தூக்க மாத்திரை இதெல்லாம் அங்கே கட்டுப்பாடு உள்ளவை, முன்னனுமதி இல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே சிக்கல். கசகசாவும் அப்படித்தான், அங்கே அது போதைப்பொருள் கணக்கில் வருகிறது. உம்மா பாசத்தோடு அரைத்துக் கொடுக்கிற குருமாப் பொடியில் கசகசா சேர்த்தார்களா என்று கேட்டுவிட்டுப் பெட்டியில் வையுங்கள். இன்சுலினைப் பெரிய பெட்டியில் போடக்கூடாது, சரக்கறைக் குளிரில் உறைந்தால் வீணாகிவிடும்.

இப்போது வெயில். நாங்கள் பார்க்காத வெயிலா என்று வேலூர்க்காரரும் மதுரைக்காரரும் நினைப்பதில்தான் ஆபத்தே இருக்கிறது. நம்மூரில் வேர்த்துச் சட்டை நனைவதால் உடம்பு நீரிழக்கிறது என்று தெரிந்துவிடும். மக்காவின் வறண்ட காற்றில் வேர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும், தோல் உலர்ந்தே இருக்கும், உள்ளே நீர் வற்றிக்கொண்டே போகும். அதனால் தாகத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். எலுமிச்சைச் சாறு மாதிரி வெளுத்திருந்தால் போதும், அடர்மஞ்சளானால் உடனே குடிக்க வேண்டும். வயதான பெண்கள் கழிவறை தூரம், வரிசை நீளம் என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். இதை உடன் போகிறவர்கள் கவனிக்க வேண்டும்: பாட்டிலை அவர் கையில் கொடுத்தால் மட்டும் போதாது, அது காலியாகிறதா என்று பாருங்கள். ஓஆர்எஸ் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி) பொட்டலம் நபருக்குப் பத்தாவது வையுங்கள். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கஅபாவை ஏழு முறை சுற்றும் தவாஃபை இஷா (இரவுத் தொழுகை) முடிந்த பிறகோ ஃபஜ்ருக்கு (அதிகாலைத் தொழுகை) முன்போ வைத்துக்கொள்ளுங்கள், போய் இறங்கிய அன்று நடுப்பகலில் கிளம்பாதீர்கள். ஸஃபா, மர்வா குன்றுகளுக்கிடையே ஏழு முறை நடக்கும் ஸயீ மட்டுமே மூன்று கிலோமீட்டருக்கு மேல் வரும், அதனால் ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் நடந்து பழகுங்கள். இஹ்ராமில் (உம்ராவுக்கான விதிகளோடு தையலில்லாத உடையில் இருக்கும் நிலை) ஆண்கள் தொப்பி போட முடியாது, குடை பிடிக்கலாம், வெள்ளைக் குடையாக ஊரிலேயே வாங்குங்கள். செருப்பை வாசலில் விடாமல் துணிப்பையில் போட்டுக் கையிலேயே வைத்திருங்கள். கஅபாவைச் சுற்றிய பளிங்கு சுடாது, ஆனால் செருப்பு தொலைந்து வெளியே தார்ச்சாலையில் இறங்கினால் பாதம் கொப்பளித்துவிடும், சர்க்கரைக்காரர்களுக்கு அந்தக் கொப்புளம் தெரியக்கூடத் தெரியாது. அறைக்கு வந்ததும் தினமும் உள்ளங்காலைப் பாருங்கள்.

தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் நிழலில் உட்கார்ந்து ஓஆர்எஸ் குடித்தால் பெரும்பாலும் சரியாகும். பேச்சு குழறினாலோ, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தாலோ, மயங்கி விழுந்தாலோ அது வெப்பத் தாக்கு, ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்கக் கூடாது. 997க்கு ஆம்புலன்ஸ் அழையுங்கள், ஆள் வருவதற்குள் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். பாராசிட்டமால் இதைக் குறைக்காது. நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

ஜியாரத் (புனித இடங்களைப் பார்த்து வருவது) போகும் வழியில் ஒட்டகப் பண்ணையில் நிறுத்தி, கறந்த பாலைக் கொடுப்பார்கள். காய்ச்சாமல் குடிக்காதீர்கள், ஒட்டகத்தைத் தொட்டுப் படம் எடுக்கவும் வேண்டாம். 2012இல் சவூதியில் கண்டறியப்பட்ட மெர்ஸ் என்ற, நுரையீரலைத் தாக்கும் வைரஸ் ஒட்டகத்திலிருந்து மனிதருக்கு வருகிறது. ஊர் திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலோடு இருமலும் மூச்சுத்திணறலும் வந்தால், மாஸ்க் போட்டுக்கொண்டு டாக்டரிடம் போய், சவூதியிலிருந்து வந்திருக்கிறேன் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.