தரையில் கிடந்த கெளுத்தியைத் தேற்றும் முறை

காலையில் மீன்தொட்டிக்கு வெளியே, தூசு ஒட்டிக் காய்ந்தாற்போல் கிடக்கும் கெளுத்தியைச் செத்ததென்று முடிவு கட்டிக் குப்பையில் போட்டுவிட வேண்டாம். கெளுத்தி இனத்தைச் சேர்ந்த சக்கர் மீன் காற்றை விழுங்கி இரைப்பை வழியாகவும், கோரிடோரஸ் என்னும் சிறு கெளுத்தி குடலின் பின்பகுதி வழியாகவும் உயிர்வளியை எடுத்துக்கொள்ளும். நாம் தேளி என்றும் மலையாளிகள் காரி என்றும் சொல்லும் மீனுக்குச் செவுளறையிலிருந்து பின்னோக்கி நீளும் காற்றுப்பைகளே உண்டு. ஆகவே உடலில் ஈரம் இருக்கும்வரை நம்பிக்கையும் உண்டு. கண்ணாடிக் கெளுத்தி போன்ற சிலவற்றுக்கு இந்த வசதி இல்லை.

வலையால் அள்ளக் கூடாது. துடுப்பு முள் கண்ணியில் சிக்கினால் எடுப்பதற்குள் மீன் இன்னும் சோர்ந்துவிடும். கையை நன்றாக நனைத்துக்கொண்டோ ஈரத்துணியாலோ எடுத்து, ஒட்டிய தூசைச் சுரண்டாமல் நீருக்குள் விட்டால் அது தானே கழன்றுவிடும். தேளியை மட்டும் வெறுங்கையால் தொடாமல் குவளையால் அள்ளுங்கள். அதன் மார்புத் துடுப்பு முள்ளில் நஞ்சு உண்டு. குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் உள்ள வெந்நீரில் கையை வைத்திருந்துவிட்டு மருத்துவரிடம் செல்வது நல்லது.

உடனே பெரிய தொட்டியில் போடுவதைவிட, அதே தொட்டி நீரை ஒரு வாளியில் ஆழம் குறைவாக எடுத்து, காற்றுப் பம்பில் இணைத்துக் குமிழி எழுப்பும் காற்றுக்கல்லை ஓடவிட்டு, அதில் மீனை விடுவதே சரி. களைத்த மீன் மேலே வந்து காற்றை விழுங்க ஆழம் தடையாகும். பாலக்காட்டின் கிழக்கெல்லையில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் இருப்பவர்கள் அப்போது இறைத்த போர் தண்ணீரை அவசரத்தில் ஊற்றிவிடுகிறார்கள். அதில் கரைந்த உயிர்வளி மிகக் குறைவு. கடினத்தன்மையும் மீன் பழகிய நீரிலிருந்து மாறுபடும். குளோரின் கலந்த குழாய்நீர் அதைவிடத் தீது.

நீருக்கு வெளியே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட செவுளிழைகள் பிரிவதற்கு, காற்றுக்கல் எழுப்பும் மெல்லிய நீரோட்டம் வாய்ப்பக்கமாக வரும்படி மீனை வைத்தால் போதும். வாலைப் பிடித்து முன்னும் பின்னும் இழுப்பது செவுளைக் கெடுக்கும். வாளியை ஈரச்சாக்கால் பாதி மூடி இருட்டாக்கி, இரண்டு மணி நேரம் தொடாமல் விடுங்கள். பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தாலும் செவுள்மூடி அசைந்தால், மீசை சற்றே துடித்தால், மீன் தேறும். உடல் விறைத்து, கண் வெளுத்து, செவுள் சாம்பல்நிறமானால் அதற்குமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை.

மருந்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. கெளுத்திக்குச் செதில் இல்லாததால் செம்பு, மாலக்கைட் கிரீன் என்னும் பச்சைச் சாயம் ஆகியவை கலந்த மருந்துகள் எளிதில் தாக்கும். புண் தெரிந்தால் மட்டும், பத்து லிட்டருக்கு 10 கிராம் கல்லுப்பைத் தனியே கரைத்து, சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். வீட்டுப் பெரியவர்கள் மஞ்சள்தூள் போடச் சொல்வார்கள்; அது செவுளில் படிவதுதான் மிச்சம்.

முதல் நாள் தீனி வேண்டாம். வாளியில் வடிகட்டி இல்லாததால் அம்மோனியா சேரும். தினமும் மூன்றில் ஒரு பங்கு நீரைத் தொட்டி நீரால் மாற்றுங்கள். நான்கைந்து நாள் பஞ்சு போன்ற வெண்பூஞ்சையும் சிவந்த திட்டுகளும் தோன்றுகின்றனவா என்று கவனித்து, நிமிர்ந்து நீந்தித் தின்னத் தொடங்கிய பின், விளக்கணைத்த மாலையில் தொட்டிக்கு மாற்றலாம்.

அதற்கு முன், மீன் ஏன் வெளியே வந்தது என்று அறியத் தொட்டி நீரின் அம்மோனியாவைச் சோதித்து, மின்வெட்டில் காற்றுப் பம்பு நின்றதா என்றும் பாருங்கள். இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் காரியும், முஷி என்னும் இன்னொரு கெளுத்தியும் வயலேறும். கேரளத்தார் ஊத்த என்னும் அந்த ஏற்றத்தின் இயல்பு தொட்டித் தேளியிடமும் இருக்கக்கூடும். மீன் மறுபடி வெளியேறாதபடி, மூடியில் குழாய் நுழையும் துளையையும் பஞ்சு வைத்து அடைத்துவிடுங்கள்.