குழம்பைக் குடித்துவிட்டு உப்பு என்கிறோம்: தாய்லாந்தில் சாப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் அலுவலகத்துக்குக் கோயம்புத்தூரிலிருந்து புதிதாக ஒரு தம்பி வந்தார். மூன்றாவது வாரமே என்னிடம், "அண்ணா, இந்த ஊர்ச் சாப்பாடு ஒண்ணு இனிப்பா இருக்கு, இல்லன்னா உப்பா இருக்கு. இங்க இருக்கற வெளிநாட்டுக்காரங்களுக்கு இது நெஜமாவே பிடிக்குதா, இல்ல சும்மா சொல்றாங்களா?" என்று கேட்டார். அதற்குள் சிலோம் சாலை மாரியம்மன் கோயில் பக்கத்தில் ஒரு தென்னிந்தியக் கடையைப் பிடித்து, மூன்று வேளையும் அங்கேயே போக ஆரம்பித்திருந்தார்.

நான் பாங்காக்குக்கு வந்து 14 வருடம் ஆகிறது. முதல் மூன்று வருடம் நானும் இதே கேள்வியோடுதான் இருந்தேன். பத்து நாள் சுற்றிப் பார்க்க வருகிறவர்களைக் கேட்டுப் பயனில்லை. பத் தாய் நூடுல்ஸும் மாம்பழ ஒட்டரிசியும் சாப்பிட்டுவிட்டுச் சந்தோஷமாக விமானம் ஏறிவிடுவார்கள். இங்கேயே வாடகை கட்டி வாழ்கிறவர்களைத்தான் கேட்க வேண்டும். எனக்குத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் இரண்டாவது வருடத்துக்குள் அவரவர் ஊர்க் கடைக்குத் திரும்பிவிட்டார்கள். மீதிப் பேருக்கு லீவில் ஊருக்குப் போனால் பத்தாவது நாளே 'நாம் ப்லா' என்கிற மீன் சாற்றின் வாசனை வேண்டியிருக்கிறது. இரண்டு கூட்டத்துக்கும் நாக்கு ஒன்றுதான். சாப்பிடும் முறையில்தான் வித்தியாசம்.

சோற்றுக்குச் சாப்ஸ்டிக் கேட்பது, முள்கரண்டியை வாயில் வைப்பது போன்றவற்றை முதல் வாரத்திலேயே யாராவது திருத்திவிடுவார்கள். அதை எல்லாம் விட்டுவிடுகிறேன்.

ஆளுக்கு ஒரு கிண்ணம் வாங்கி வைத்துக்கொள்வது

இதுதான் பெரிய தவறு. இப்போதும் பக்கத்து மேசையில் இதைப் பார்த்தால் எழுந்து போய்ச் சொல்லலாமா என்று இருக்கும்.

தாய்லாந்து மொழியில் சோறு என்றால் 'காவ்'. சாப்பிடுவதையே 'கின் காவ்' என்றுதான் சொல்வார்கள். வழியில் பார்த்தால் 'கின் காவ் ரு யாங்?' என்பார்கள், நம் 'சாப்பிட்டாச்சா?' போலத்தான். சோற்றோடு வருகிற குழம்பு, வறுவல், துவையல், முட்டை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெயர், 'கப் காவ்'. நேர்ப்பொருள் 'சோற்றோடு'. மதுரைக்குத் தெற்கே எங்கள் பக்கத்தில் இதற்கு வெஞ்சனம் என்று அருமையான சொல் இருக்கிறது. கப் காவ் என்றால் வெஞ்சனம் என்று முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் என் மூன்று வருடம் மிஞ்சியிருக்கும்.

நாம் என்ன செய்கிறோம்? படம் போட்ட மெனுவைப் பார்த்து ஆளுக்கு ஒன்று சொல்கிறோம். ஒருவருக்குப் பச்சைக் குழம்பு, இன்னொருவருக்குப் புளிப்பும் காரமுமான தோம் யாம் சாறு, மூன்றாமவருக்குப் பப்பாளிக்காயை இடித்துச் செய்யும் சோம் தம். அவரவர் கிண்ணம் அவரவருக்கு. பிறகு அந்தக் குழம்பைக் கரண்டி கரண்டியாகக் குடிக்கிறோம், சோறு ஓரமாகக் கிடக்கிறது. ஐரோப்பியர்கள் தோம் யாமை முதலில் வரவழைத்து, சூப் மாதிரி குடித்து முடித்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பார்கள். அந்தக் குழம்பில் போட்ட மீன் சாறு, இறால் விழுது, வெல்லம், தேங்காய்ப்பால் எல்லாம் ஒரு கரண்டி குழம்பு இரண்டு வாய்ச் சோற்றைத் தாங்க வேண்டும் என்ற கணக்கில் போட்டவை. நம் வீட்டுக்கு வந்த ஒருவர் வத்தக்குழம்பை டம்ளரில் ஊற்றிக் குடித்துவிட்டு "ரொம்ப உப்பு, ரொம்பப் புளிப்பு" என்றால் அம்மா என்ன சொல்வார்?

எனக்கு இது எப்படி உறைத்தது என்று சொல்கிறேன். அலுவலக நண்பர் ஒருவருக்குத் தெற்கே நக்கோன் சி தம்மராத் பக்கம் ஊர். வந்த முதல் வருடம், ஏப்ரலில் சொங்க்ரான் என்கிற புத்தாண்டு விடுமுறைக்கு என்னை வீட்டுக்கு அழைத்துப் போனார். அவருடைய அம்மாவை எல்லோரும் 'மே' என்பார்கள், அம்மா என்றுதான் பொருள். நடுவில் கேங் தை ப்லா வைத்திருந்தார். புளிக்க வைத்த மீன் குடலில் மஞ்சளும் மிளகாயும் இடித்துப் போட்டுச் செய்கிற தென்பகுதிக் குழம்பு அது. சுற்றிலும் இனிப்பாக வதக்கிய பன்றி இறைச்சி, முட்டைப் பொரியல், வறுத்த மீன். பக்கத்தில் பெரிய தட்டு நிறையப் பச்சைக் காய்கள்: வெள்ளரி, சிறகவரை, முந்திரிக் கொழுந்து, வாசனை தூக்கும் சதோக் கொட்டை.

விருந்து வைத்தவர்களுக்கு மரியாதை செய்வது என்றால் நிறையச் சாப்பிடுவது என்று நினைத்து, அந்தக் குழம்பில் இரண்டு அகப்பை என் சோற்றின் மேல் ஊற்றிப் பிசைந்தேன். முதல் வாயிலேயே காது அடைத்தது. காரம் ஒரு பக்கம், உப்பு ஒரு பக்கம். தண்ணீரைக் குடித்துவிட்டுத் தட்டை ஒதுக்கினேன். வேறு தட்டில் சோறும் முட்டையும் வாங்கிச் சாப்பிட்டு எழுந்தேன். மே ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த முறை போனபோது எனக்கு மட்டும் தனியாகக் காவ் பத், அதாவது வறுத்த சோறு, மேலே முட்டை. அதற்கடுத்த முறையும் அதுவே. எல்லோரும் நடுவிலிருந்து எடுத்துச் சாப்பிட, என் தட்டு மட்டும் தனியாக வந்தது. அன்பால்தான் செய்தார். ஆனால் இரண்டு வருடம் அந்த வீட்டுப் பந்தியில் நான் இருந்தும் இல்லாதவன். எனக்கு நஷ்டம் என்றால் அதுதான். பிடிக்காத கடையில் கொடுத்த காசெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

மூன்றாவது வருடம் நண்பர் பக்கத்தில் உட்கார வைத்து, "மே சாப்பிடுவதைப் பார்" என்றார். பார்த்தேன். நடுவில் இருக்கும் பொதுக் கரண்டியால், அதை 'சோன் க்லாங்' என்பார்கள், குழம்பில் ஒரு கரண்டி மட்டும் எடுத்துச் சோற்றின் ஓரத்தில் விட்டார். அதோடு இரண்டு வாய்ச் சோறு. உடனே ஒரு பச்சைக் காய், கடித்தபோது நறுக்கென்று சத்தம் கேட்டது. அப்புறம் அந்த இனிப்புக் கறியில் ஒரு துண்டு. பிறகு முட்டை. பிறகுதான் மறுபடி குழம்பு. யாருமே ஒரே நேரத்தில் இரண்டு பதார்த்தத்தைத் தட்டில் குவிக்கவில்லை. குழம்பின் நெருப்பை அணைக்கத்தான் அந்த இனிப்புக் கறியே அங்கே இருக்கிறது. அதைத் தனியாகச் சாப்பிட்டால் வெல்லப்பாகு போல இருக்கும். கோயம்புத்தூர்த் தம்பி 'ஒன்று இனிப்பு, இல்லை உப்பு' என்றது பொய்யில்லை. சேர்த்துச் சாப்பிட வேண்டியவற்றை அவர் ஒவ்வொன்றாகச் சாப்பிட்டிருக்கிறார்.

நானும் அப்படியே செய்தேன். அதே குழம்பு, அதே காரம். சோறு மூன்று முறை போட்டுக்கொண்டேன். மே சிரித்துக்கொண்டே 'கின் பென் லேவ்' என்றார். சாப்பிடத் தெரிந்துவிட்டது என்று பொருள். பழக்கமில்லாத உணவை வேண்டாம் என்று சொல்லத் தாய்க்காரர்கள் 'கின் மாய் பென்' என்பார்கள், எனக்குச் சாப்பிடத் தெரியாது என்று. பிடிக்கவில்லை என்று நாம் சொல்கிற இடத்தில் அவர்கள் தெரியவில்லை என்கிறார்கள். தம்பியின் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதிலும் அதுதான்.

சரி, நடைமுறையில் என்ன செய்வது? நான்கு பேர் போனால் ஒரு குழம்பு, ஒரு கீரை வதக்கல், ஒரு முட்டை, ஒரு நாம் ப்ரிக் கப்பி என்று சொல்லி எல்லாவற்றையும் நடுவில் வையுங்கள். இந்த நாம் ப்ரிக் கப்பி இறால் விழுதில் இடித்த துவையல். கூடவே வறுத்த ப்லா தூ மீனும் காய்களும் வரும். அந்த மீன் நம் அயிலைக்கு நெருங்கிய சொந்தம். இந்த நான்கில் எதையுமே தனியாக வைத்து மதிப்பெண் போடாதீர்கள்.

தனி ஆளாக இருந்தால் காவ் கேங் கடை, அதாவது சோறும் குழம்பும் வரிசையாகத் தட்டில் வைத்திருக்கும் கடை. கண்ணாடிக்குப் பின்னால் பத்துப் பதினைந்து வகை இருக்கும். இரண்டோ மூன்றோ விரலால் காட்டுங்கள், ஒரே சோற்றின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துத் தருவார்கள். காரமாக ஒன்று, காரமில்லாமல் ஒன்று, ஒரு முட்டை. தென்பகுதிக் கடை என்றால் பச்சைக் காய்த் தட்டு காசில்லாமல் மேசைக்கே வரும். அதைத் தொடாமல் எழுந்து போகிற வெளிநாட்டுக்காரர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே மனசு கேட்காது.

இந்தக் கடைகளில் இன்னொரு நன்மை உண்டு. குழம்பு காலையிலேயே கொதித்து இறங்கிவிட்டது. உங்கள் முகத்தைப் பார்த்து யாரும் அதை மாற்ற முடியாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் டாக்சி ஓட்டுநருக்கு என்ன ருசியோ அதே ருசிதான் உங்களுக்கும்.

'மாய் பெத்' என்றே காலம் தள்ளுவது

'மாய் பெத்' என்றால் காரம் வேண்டாம். முதல் மாதம் சொல்லலாம். இரண்டாவது வருடமும் அதையே சொன்னால் தாய்லாந்துச் சமையலை நீங்கள் இன்னும் பார்க்கவே இல்லை. புளிப்பு, உப்பு, இனிப்பு, காரம் நான்கும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து நிற்கிற சமையல் இது. காரத்தை உருவிவிட்டால் இனிப்பு மேலே ஏறிவிடும். வெளிநாட்டு முகத்தைப் பார்த்ததுமே மிளகாயைக் குறைக்கிற சமையல்காரர்கள் நிறைய. நாமும் சொல்லிவிட்டால் கேட்கவே வேண்டாம்.

சோம் தம் கடையில் உரலில் இடிக்கும் முன் எத்தனை மிளகாய் என்று எண்ணிச் சொல்லலாம். ஒன்று வேண்டுமென்றால் 'ப்ரிக் மெத் தியாவ்', இரண்டென்றால் 'சோங் மெத்'. ஒன்றில் ஆரம்பித்து மாதத்துக்கு ஒன்று கூட்டுங்கள். இனிப்பு அதிகமாகத் தெரிந்தால் 'மாய் வான்' என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

"எங்க ஊர்லயே காரம்தான்" என்று சவால் விடுவது

வேண்டாம். நம் மிளகாய் வறுபட்டு, எண்ணெயில் வெந்து வருகிறது. இங்கே பச்சையாக இடித்து அப்படியே தருகிறார்கள்.

சைவம் என்பதை ஒரே வார்த்தையில் சொல்லி முடிப்பது

நம்மவர்களுக்கு மிகவும் வலிக்கிற இடம் இது. 'மாய் கின் நுவா' என்று அகராதியைப் பார்த்துச் சொல்வார்கள், இறைச்சி சாப்பிட மாட்டேன் என்ற நினைப்பில். பேச்சில் 'நுவா' என்றால் மாட்டிறைச்சி. குவான் யின் தேவியை வணங்கும் தாய்க்காரர்கள் பலர் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. ஆகவே கடைக்காரருக்கு அது சாதாரண வேண்டுகோள். தலையை ஆட்டிவிட்டுப் பன்றி இறைச்சி போட்டுக் கொண்டுவருவார். அவர் மேல் தவறே கிடையாது.

'மங்சவிரத்' என்றால் சைவம் என்று புரியும், முட்டை வரலாம். அப்போதும் நாம் ப்லா உள்ளே போய்விடும், ஏனென்றால் பலருக்கு அது உப்புக் கணக்கு. 'மாய் சாய் நாம் ப்லா' என்று தனியாகச் சொல்ல வேண்டும். ஆனால் சிவப்புக் குழம்பிலும் பச்சைக் குழம்பிலும் கப்பி, அந்த இறால் விழுது, மசாலாவோடு சேர்த்தே இடிபட்டிருக்கும். எவ்வளவு கெஞ்சினாலும் அதை வெளியே எடுக்க முடியாது. சோம் தம் கண் முன்னால் இடிக்கிறார்கள், அங்கே கேட்டால் மீன் சாறும் காய்ந்த இறாலும் இல்லாமல் செய்து தருவார்கள்.

சந்தேகமே வேண்டாம் என்றால் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் 'ஜே' என்று எழுதிய கடையைத் தேடுங்கள். இறைச்சி, மீன் சாறு, முட்டை, பால் எதுவும் இருக்காது. வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில், செப்டம்பர் அக்டோபர் வாக்கில், ஒன்பது நாள் ஜே விரதம் வரும். அப்போது தெருவெல்லாம் மஞ்சளாக இருக்கும். புக்கெட்டில் இன்னும் விமரிசை. சைவக்காரர்கள் வெவ்வேறு ருசி பார்த்து வைத்துக்கொள்ள அதுதான் நல்ல நேரம்.

பத் கப்ராவில் இலையைப் பொறுக்கி ஒதுக்குவது

பத் கப்ராவ் என்றால் கப்ராவ் இலை போட்டு வதக்கியது. அந்த இலை நம் துளசியேதான். மனசு ஒப்பவில்லை என்றால் வேறு வாங்குங்கள். இலையைத் தள்ளிவிட்டால் அது பத் கப்ராவ் ஆகாது.

நூடுல்ஸ் மேசைக் கிண்ணங்களைத் தொடாமல் எழுவது

நூடுல்ஸ் கடையில் மீன் சாறு, மிளகாய்த் தூள், மிளகாய் ஊறிய வினிகர், சர்க்கரை நான்கும் மேசையில் இருக்கும். சூப்பை மட்டாகத்தான் தருவார்கள், மீதியை நீங்கள் முடித்துக்கொள்ள வேண்டும். சேர்ப்பது சமையல்காரரை அவமதிப்பதாகாது. முதலில் ஒரு வாய் ருசி பாருங்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். சர்க்கரையைக் கண்டு பயப்பட வேண்டாம். அரைக் கரண்டி போட்டால் வினிகரின் கடுப்பு அடங்கும்.

தோம் யாமில் மிதப்பதை எல்லாம் மெல்வது

அரத்தைத் துண்டு, எலுமிச்சைப்புல் தண்டு, இரட்டையாக ஒட்டினாற்போல இருக்கும் எலுமிச்சை இலை. மூன்றும் மணத்துக்கு. ஒதுக்குங்கள்.

ஒட்டரிசி மேல் குழம்பு ஊற்றுவது

கையால் சின்ன உருண்டை பிடித்துத் தொட்டுச் சாப்பிடுங்கள்.

பச்சை ஆற்றுமீன்

இது ருசி விஷயமே இல்லை. வடகிழக்கே ஈசான் பகுதியில் 'கோய் ப்லா' என்று ஆற்றுமீனைப் பச்சையாகக் கொத்தி, எலுமிச்சைச் சாறும் மிளகாயும் கலந்து தருவார்கள். நண்பர்கள் கூப்பிடும்போது மறுக்க முடியாமல் புதியவர்கள் சாப்பிட்டுவிடுகிறார்கள். அந்த மீனில் ஈரல் புழு இருக்கலாம். அது பித்தநாளத்தில் போய்த் தங்கி, வருடக்கணக்கில் இருந்து புற்றுநோய் வரை கொண்டுபோகும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அந்தப் புழுவையே புற்றுநோய்க் காரணிகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. பித்தநாளப் புற்றுநோய் உலகிலேயே மிக அதிகமாக இருக்கும் இடங்களில் ஈசானும் ஒன்று. எலுமிச்சைச் சாறு புழுவைக் கொல்லாது, நன்றாக வேக வைத்தால்தான் சாகும். 'சுக்' என்று கேளுங்கள், வெந்தது என்று பொருள். அதே மீன், அதே மசாலா, வேக வைத்துத் தருவார்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

காவ் கேங் கடைக்கு இரவில் போவது

பகல் பன்னிரண்டுக்கு முன்னால் போங்கள். நல்ல குழம்பு முதலில் தீர்ந்துவிடும்.